‘உயிர் இல்லை’ என்று சொன்னால் கை எங்கே போக வேண்டும்? தலைச்சிற்பம் பழகுபவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்துகொண்டு, ஆசிரியர் யாரும் இல்லாமல், புகைப்படங்களைப் பார்த்துப் பிளாஸ்டிசினில் (காயாத எண்ணெய்க் களிமண்) மனிதத் தலைகள் செய்து பழகுகிறீர்கள். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வெளியில் காட்டினால் ஒருவர் ‘உயிர் இல்லை’ என்கிறார், இன்னொருவர் ‘கண் சரியில்லை’ என்கிறார், மூன்றாமவர் ‘அவர் மாதிரி இல்லை, அவருடைய தம்பி மாதிரி இருக்கிறது’ என்கிறார். இவற்றைக் கேட்டுக் கேட்டே ஒருவர் மெய்யான சாயல் உள்ள மார்பளவுச் சிலைகளைச் செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா, முடியுமானால் யார் சொல்வதை ஏற்பது, இதே பிளாஸ்டிசினைத் தொடரலாமா என்பது உங்கள் கேள்வி. எனக்குத் தோன்றுவது, நீங்கள் உண்மையில் கேட்பது விமர்சகர்களைப் பற்றியே அல்ல என்பதுதான். ‘உயிர் இல்லை’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு உங்கள் கட்டைவிரல் களிமண்ணில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதே கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். மொக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் நுண்கலைப் பிரிவில் படித்துவிட்டு, மறைந்த பெரியவர்களின் மார்பளவுச் சிலைகளைக் குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் செய்து தருவதைப் பல ஆண்டுகளாகத் தொழிலாக வைத்திருப்பவன் நான். களிமண், சுடுமண், பிளாஸ்டர் ஆகிய மூன்றும் என் கைப்பழக்கத்தில் உள்ளவை. கல்லில் செதுக்குவது வேறு ஒழுங்கு, அதில் நான் அறிவுரை சொல்ல மாட்டேன்.

விமர்சனத்தைக் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் பார்ப்பவர்களின் கண் ஒரு வேலையில் மிகக் கெட்டி, இன்னொரு வேலையில் மிகப் பலவீனம் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மனித முகத்தில் எங்கோ பிசகு இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எவருக்கும் பயிற்சி தேவையில்லை. பிறந்தது முதல் முகங்களைப் படித்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பிசகு எங்கே என்று காட்டச் சொன்னால்தான் பெரும்பாலோர் தவறான இடத்தைக் காட்டுகிறார்கள். முகத்தை நாம் உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதில்லை, மொத்தமாகப் பார்க்கிறோம், பார்க்கும்போது கண்கள்மீதே நிலைக்கிறோம்; ஆகையால் நெற்றிப்பொட்டிலோ (கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பக்கம்) தாடையிலோ பின்தலையிலோ உள்ள குறைகூடக் கண்ணில் உள்ள குறையாகவே உணரப்படுகிறது. ஆகவே நான் மாணவர்களுக்குச் சொல்வது: குறை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அப்படியே நம்புங்கள், அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் தலையை என் பட்டறையில் ஒரு மாணவி செய்துகொண்டிருந்தார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ‘கண் தூங்கி வழிகிறது’ என்றார்கள். அவரும் இமைகளைத் திரும்பத் திரும்பக் கிள்ளி எடுத்துப் புதிதாக வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இமை இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, தூக்கம் போய் மிரட்சி வந்ததே தவிர முகம் வரவில்லை. சிலையைச் சுழல்மேடையோடு தாழ்த்தி, உச்சந்தலைக்கு மேலிருந்து நெற்றி வழியாகக் கீழே பார்க்கச் சொன்னேன். கண்ணின் உள்முனையும் வெளிமுனையும் ஒரே நேர்கோட்டில், சுவரில் இரண்டு சன்னல்கள் வைத்ததுபோல் இருந்தன. உயிருள்ள முகத்தில் வெளிமுனை உள்முனையைவிட நன்றாகப் பின்னால் தள்ளியிருக்கும். முகம் அங்கே நெற்றிப்பொட்டை நோக்கி வளைந்து திரும்புகிறது. இந்த முறை மாணவி இமைகளைத் தொடவே இல்லை. வெளிமுனைகளையும் அவற்றை ஒட்டிய கன்ன எலும்பின் மேல்விளிம்பையும் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார், கன்னத்தில் பக்கவாட்டு நிழல் விழுந்தது, ஆசிரியை விழித்துக்கொண்டார். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் காட்டிய இடம்தான் தவறு.

எனவே ‘கண் சரியில்லை’ என்று யாராவது சொன்னால் நான் கண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது பக்கத் தோற்றம். பழகுபவர்களின் தலைகளில் பெரும்பாலும் பின்மண்டை போதாது; முகத்தையே பார்த்துச் செய்வதால் பின்புறம் பட்டையாக நின்றுவிடுகிறது. வளர்ந்தவர்களின் தலை, புருவ நடுவிலிருந்து பிடரி மேட்டு வரை ஏறத்தாழ 19 செ.மீ., அகலம் 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, உச்சியிலிருந்து மோவாய் வரை 22 செ.மீ. அளவில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறினாலும், பக்கவாட்டில் பார்க்கும் தலை ஒரு சதுரத்துக்கு அண்மையில் வரும் என்பது மாறாது. இரண்டாவது, கண்கோடு. வளர்ந்தவர்களுக்கு அது தலையின் முழு உயரத்தில் ஏறத்தாழப் பாதியில் இருக்கும். தலைமுடிக்குள் மறைந்திருக்கும் உயரத்தை மறந்துவிடுவதால் எல்லோரும் கண்ணை மேலே வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது, காது. அது பக்கத் தோற்றத்தின் நடுக்கோட்டுக்குப் பின்னால், தாடை எலும்பு மேலேறி முடியும் இடத்தை ஒட்டி, சற்றுப் பின்சாய்ந்து நிற்க வேண்டும். அதை முன்னால் வைத்தால் முகம் முழுவதும் குறுகிவிடும். நான்காவது, வாய். உதடுகள் தட்டையான பரப்பில் வரைந்த கோடல்ல, பல்வரிசையின் வளைவின்மேல் போர்த்திய தசை. வாயின் முனைகள் நடுவைவிட ஆழத்தில் இருக்கும். ஐந்தாவது, கழுத்து. அது தோளிலிருந்து செங்குத்தாக எழும் தூண் அல்ல. முன்னோக்கிச் சாய்ந்து வருவது. காதுக்குப் பின்னுள்ள எலும்பு முனையிலிருந்து கழுத்துக்குழிக்கு இறங்கும் இரண்டு தசைப்பட்டைகள் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல முகமும் கம்பத்தில் செருகியதாகவே தெரியும். இவை உடற்கூறு, இவற்றில் எனக்கு ஐயம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கண் உயிரற்றிருந்தால், அப்போது கண்ணுக்கு வரலாம். கண்ணை ஓவியம்போல் வரையாதீர்கள். முதலில் குழி, குழிக்குள் ஒரு முழு உருண்டை; வளர்ந்தவர்களின் கண்விழி ஏறத்தாழ 24 மி.மீ. விட்டம் உடையது, ஆளுக்கு ஆள் மிகக் குறைவாகவே மாறுவது. ஆகவே ஆளளவுத் தலைக்கு அந்த அளவில் உருண்டைகளை எடையில் ஒத்தாற்போல் இரண்டாக உருட்டி வைத்துக்கொள்ளலாம். மேலிமையைப் பட்டையாகத் தட்டி உருண்டையின்மேல் போர்த்துங்கள். இமைக்குத் தடிப்பு உண்டு, அந்தத் தடிப்பின் நிழல்தான் கண்ணுக்கு அழுத்தம் தருகிறது. பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேலிமை கீழிமையைவிட முன்னால் நிற்க வேண்டும். மேலிமையின் உச்சி வளைவு நடுவில் இல்லாமல் மூக்குப் பக்கமாகவும், கீழிமையின் தாழ்ந்த வளைவு வெளிப்பக்கமாகவும் ஒதுங்கியிருக்கும். கருவிழியைக் காட்டும் முறை அவரவர் விருப்பம். ரோமானியச் சிற்பிகள் பேரரசர் ஹேட்ரியன் காலத்தை ஒட்டி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், கருவிழியைக் கல்லிலேயே குடையத் தொடங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் கருவிழியை ஆழமாகக் குடைந்து, அதற்குள் ஒளி விழ ஒரு சிறு துணுக்கை மட்டும் விட்டுவைத்தார். தள்ளி நின்று பார்த்தால் அந்தத் துணுக்கு ஈரம் மினுங்குவதாகத் தோன்றும். அழகான உத்திதான், ஆனால் விழியின் உருண்டையும் இமையின் தடிப்பும் அமையாத கண்ணை அது காப்பாற்றாது.

இனி உறுதி குறைந்தவற்றுக்கு வருகிறேன், ஏனெனில் உங்களுக்கு விமர்சனமாக வருபவற்றில் பாதி இவைதான். ‘மூக்கின் அகலமும் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட தொலைவும் ஒன்றாக இருக்க வேண்டும்’, ‘முகத்தின் அகலம் ஐந்து கண்’, ‘நெற்றி, மூக்கு, மூக்கின் கீழ் மூன்றும் சமம்’ என்பவை கட்டளைகளாகச் சொல்லப்படுகின்றன. நம் சிற்ப மரபின் அளவுமுறையான தாலமானத்திலும் 12 அங்குல முகம் நான்கு நான்கு அங்குலமாக மூன்று பங்காகிறது (இந்த அங்குலம் இஞ்ச் அல்ல, உருவத்தின் அளவோடு மாறும் ஒரு பங்கு). கோயில் விமானத்தில் சுதைச் சிற்பம் வைக்கும் ஸ்தபதிக்கு இந்தக் கணக்கு இன்றியமையாதது. அவர் ஓர் ஆளின் சாயலைத் தேடவில்லை, இலக்கணம் பொருந்திய உருவைத் தேடுகிறார். சாயல் தேடுபவருக்கோ இந்தக் கணக்கு புறப்படும் இடம் மட்டுமே. மனிதர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில் இந்த விதிகளில் பல, ஐரோப்பிய முகங்களுக்கே பெரும்பாலும் பொருந்தவில்லை. மொரீஷியஸ்போல் தமிழரும் போஜ்புரியரும் கிரியோலரும் சீனரும் ஒரே பேருந்தில் வரும் நாட்டில் அவை பொருந்தாமல் போவதை நீங்களே எதிர் இருக்கையில் பார்க்கலாம். ஆப்பிரிக்க வழி வந்த பலருக்கு நாசியின் அகலம் கண்ணிடை அகலத்தைத் தாண்டும், நம்மவர்களிலும் அப்படி உண்டு. ஒருவர் விதியைச் சொல்லி மூக்கைக் குறுக்கச் சொன்னால், அந்த ஆளின் மூக்கை அளந்து பதில் சொல்லுங்கள். விதிக்கும் அந்த முகத்துக்கும் உள்ள வேறுபாடுதான் சாயல். அதைத் திருத்திவிட்டால் நீங்கள் செய்தது யாருடைய முகமும் இல்லை. இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்ற விமர்சனமும் இதே வகை. நடுக்கோடு முதலில் நேராக இருக்கட்டும், ஆனால் ஒரு புருவம் உயர்ந்தோ மூக்கு சற்றுச் சாய்ந்தோ இருந்தால் அது அவருடையது.

அளப்பது கலைக்கு இழுக்கு என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். 1785 அக்டோபரில் ஜார்ஜ் வாஷிங்டனின் சிலைக்காக அவருடைய மவுண்ட் வெர்னன் இல்லத்துக்குப் போன ஊதோன், அவருடைய முகத்தில் பிளாஸ்டர் அச்சே எடுத்தார், உடலையும் அளந்தார். அளக்க உதவும் காலிப்பர் (இரண்டு வளைந்த கால்களால் தடிமனை அளக்கும் கருவி) இரும்பாக இருக்க வேண்டும் என்பதில்லை, மரத்தில் வெட்டி ஒரு திருகாணி போட்டாலும் போதும்.

ஆனால் நீங்கள் புகைப்படத்திலிருந்து செய்கிறீர்கள், அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. கையில் பிடித்த தொலைபேசியில் எடுத்த முகம், முகமே அல்ல. 30 செ.மீ. தொலைவில் எடுத்தால், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 விழுக்காடு பெரிதாகத் தெரியும் என்று 2018இல் வந்த ஒரு கணக்கீடு காட்டியது; காதுகள் பின்னால் ஒளிந்துகொள்ளும். படத்தைப் பார்த்து நீங்கள் உண்மையாகச் செய்தாலும் சிலை பொய்யாகத்தான் வரும், அதை எந்த விமர்சகரும் உங்கள் கைக்குற்றம் என்றே சொல்வார். முடிந்தவரை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, பெரிதாக்கி, கண்மட்டத்தில், நேர், இரு முக்கால் பக்கம், இரு பக்கம், பின்புறம் எடுத்த படங்கள் வேண்டும். மறைந்தவர் என்றால் திருமணப் படம், அடையாள அட்டைப் படம், ஏதாவது விழாவில் பக்கவாட்டில் சிக்கிய படம் என்று குடும்பத்தாரிடம் கெஞ்சித் திரட்டுவதே பாதி வேலை. பக்கத் தோற்றம் ஒன்றுகூட இல்லாவிட்டால் மகனையோ மகளையோ உட்காரவைத்துப் பின்மண்டையையும் காதையும் கழுத்தையும் பார்த்துக்கொள்வேன்; அது ஊகம்தான், ஊகம் என்று குடும்பத்தாரிடமும் சொல்லிவிடுவேன்.

இந்த இக்கட்டுக்கு எடுத்துக்காட்டாக நம் ஊரிலேயே ஒரு சிலை நிற்கிறது. போர்ட் லூயியில் கம்பெனித் தோட்டத்தில் உள்ள அத்ரியென் தெபினேயின் சிலை, 1866இல் வைக்கப்பட்டது, அவருடைய மகன் ப்ரொஸ்பேர் தெபினே செய்தது. அடிமை முதலாளிகளின் தரப்பைப் பேசியவரின் சிலை அங்கே நிற்கலாமா என்பதில் நாட்டுக்கு இருக்கும் மனத்தாங்கல் எனக்கும் உண்டு. இப்போது பேசுவது கைவேலையை மட்டும். தந்தை 1839இல் இறந்தபோது மகனுக்கு வயது 3. ஆகவே அந்த முகத்தை அவர் நினைவிலிருந்து செய்திருக்க வழியில்லை. பிறர் தீட்டிய உருவங்களையும் பிறர் சொன்னவற்றையும் வைத்தே செய்திருக்க வேண்டும். அவர் பாரிஸில் பழகியது தாந்தான் என்ற சிற்பியிடம். அந்தத் தாந்தானோ, பெயர்பெற்றவர்களின் கேலித் தலைகளைச் செய்து புகழ் அடைந்தவர். இது தற்செயல் என்று தள்ளக்கூடியதல்ல என்பது என் கருத்து. ஒரு முகத்தில் எது பிறரிடமிருந்து விலகுகிறது என்று கண்டு அதைப் பெரிதாக்குவது கேலிச்சிற்பம். அதே விலகலை உள்ளபடி வைப்பது உருவச்சிற்பம். நான் ஒவ்வொரு வேலைக்கும் முன் கைப்பிடி மண்ணில் ஒரு கேலித் தலை செய்து பார்ப்பேன். இந்த ஆளிடம் எதைத் தொலைத்தால் இவர் தொலைந்துபோவார் என்பது அதில் தெரிந்துவிடும். போர்ட் லூயியின் கோதான் துறைமுகப் பகுதியில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் அதே ப்ரொஸ்பேரின் ‘பாலும் விர்ஜினியும்’ (ஒரு பிரெஞ்சு நாவலின் இளங்காதலர்கள்) மூலச்சிற்பம் இருக்கிறது. அங்கே முகங்கள் இனிமைக்காக வழவழப்பாக்கப்பட்டவை. தோட்டத்துச் சிலையையும் அதையும் ஒரே நாளில் பார்த்தால், சாயலுக்கும் அழகுக்கும் ஒரே கை எப்படி வேறு வேறாக நடந்துகொள்கிறது என்பது விளங்கும்.

இப்போது யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது. நீங்கள் செய்யும் பிழை, முடித்த பிறகு காட்டுவது. முடிந்த தலையைக் காட்டினால் புகழ்வதையும் இகழ்வதையும் தவிர வேறு வழியில்லை. திருத்த உங்களுக்கும் மனம் வராது, ஏனெனில் பின்மண்டையைத் தள்ளினால் நீங்கள் பாடுபட்டுக் கீறிய சுருக்கங்கள் எல்லாம் போய்விடும். உருண்டையும் தாடையும் கழுத்தும் மட்டும் நிற்கும் கட்டத்தில், கண் வைக்காமலே, காட்டுங்கள். அந்தக் கட்டத்திலேயே தெரிந்தவர் தூரத்திலிருந்து ‘இது இன்னார்தானே’ என்றால் வேலை சரியான வழியில் போகிறது. சுருக்கம், துளை, மயிர் ஆகியவை சாயலைக் கொண்டுவருவதில்லை. இருக்கும் சாயலுக்கு வயதைச் சேர்ப்பவை. காட்டும்போது நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக யாரும் ஆம் என்பார்கள். ‘இந்தப் பக்கத்துக்கும் இந்தப் படத்துக்கும் எது மாறுகிறது, எது தடித்திருக்கிறது, எது பின்வாங்கியிருக்கிறது’ என்று கேளுங்கள். படம் எடுத்து அனுப்புவதானால் மேலிருந்து ஒரு பக்கமாக விழும் ஒற்றை விளக்கில், ஆதாரப் படத்தின் அதே கோணத்தில், அதே தொலைவில் எடுங்கள்; நாலா பக்கமும் வெளிச்சம் விழுந்தால் வடிவமே தெரியாது.

வீட்டார் சொல்வதை நீங்கள் சற்று இளக்காரமாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் செய்யப்பட்டவரை அறிந்தவர்களானால் அவர்கள் சொல் விலைமதிப்புள்ளது, அதுவும் கேள்வி சரியாக இருந்தால். ஒரு மனைவிக்குத் தாடைத் தசையின் பெயர் தெரியாது, ஆனால் ‘அவர் வாயை இப்படி இறுக்கிக்கொள்ள மாட்டார்’ என்பது தெரியும். அதை எந்தச் சிற்பியும் சொல்ல முடியாது. எலும்பும் தசையும் அந்நியர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மனநிலையும் பழக்கமும் உறவினருக்குத் தெரியும். அமைப்பும் வேலைமுறையும் தொழில்காரருக்குத் தெரியும். இவர்களில் ஒருவர் மற்றவரின் துறையில் சொல்லும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், கையை நீட்டாதீர்கள். இருவர் எதிரெதிராகச் சொன்னால், ஒருவர் நெற்றி பெரிது என்றும் மற்றவர் மோவாய் சிறிது என்றும் சொன்னால், பெரும்பாலும் இருவரும் ஒரே விகிதக் குறையைத்தான் பார்க்கிறார்கள். அளந்தால் எது என்று தெரிந்துவிடும். ஒரே ஆள் ஒருமுறை சொன்னதற்காக எதையும் வெட்ட வேண்டாம். தொடர்பில்லாத மூவர் ஒரே பகுதியைச் சுற்றிச் சுற்றிச் சொன்னால் கத்தியை எடுங்கள்.

விமர்சனத்தால் முடியாதது ஒன்றும் உண்டு. அது உங்களுக்கு மண்டையோட்டைக் கற்றுத் தராது. ஒரு பிளாஸ்டர் மண்டையோட்டைப் பார்த்து மண்ணில் ஒருமுறை முழுதாகச் செய்வதும், கண்ணாடி முன் நின்று உங்கள் கன்ன எலும்பு காதுவரை ஓடுவதை விரலால் தொட்டுப் போவதும், வீட்டில் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து உயிருள்ள தலையிலிருந்து நேரே செய்வதும் உங்கள் பொறுப்பு. இவை இல்லாமல் வரும் விமர்சனம் ஒவ்வொரு சிலையையும் தனித்தனியே திருத்தும், உங்கள் கண்ணைத் திருத்தாது. படங்களை மட்டும் பார்த்து உங்கள் வேலைகளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே: சிலையைச் சுற்றி நடக்காமல் சொல்வதெல்லாம் அரைகுறை.

கடைசியாக, பிளாஸ்டிசின். தொடருங்கள். பழகும் காலத்தில் காயாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளவும் இழுக்கவும் இடம் தரும் மண்தான் விமர்சனத்துக்கு ஏற்றது. நீர்க்களிமண்ணில் ஆளளவாகச் செய்து சுட்டால் அது 10 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கும், 22 செ.மீ. தலை 20 செ.மீ. ஆகிவிடும், அதோடு உள்ளே குடைந்து 2 செ.மீ. அளவுச் சுவராக்கவும் தெரிய வேண்டும். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அளவை மட்டும் மாற்றுங்கள்: கைக்கடக்கமான தலைகளை விட்டு ஆளளவில் செய்தால் காலிப்பரில் எடுத்ததை அப்படியே மண்ணில் வைக்கலாம், பெருக்கல் வகுத்தலில் பிழை வராது. நடுவில் ஒரு குழாய், அதன் மேல்முனையிலிருந்து கம்பியில் தொங்கும் குறுக்குக் குச்சிகள், நிரப்புவதற்கு இறுக்கிய காகிதம் என்று உள்சட்டம் கட்டிக்கொள்ளுங்கள். சனவரி வெயிலில் இளகும் பிளாஸ்டிசினுக்கு அந்தக் குச்சிகள் இல்லாவிட்டால் மோவாய் மெல்ல நெஞ்சுக்கு இறங்கிவிடும். பின்னர் சிலிக்கோனில் அச்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் கந்தகம் கலக்காத வகையாக வாங்குங்கள். கந்தகம் இருந்தால் பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோன், சிலையைத் தொடும் பரப்பில் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், சிலையில் ஊற்றுவதற்கு முன் ஒரு துண்டில் சிலிக்கோனைத் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.